நிழலையும் மடித்து எடுத்துட்டுப் போகலாம்! குடும்ப அவுட்டிங்குக்கு எந்தக் கூடாரம் சரிவரும்?

வெயிலைப் பற்றிச் சென்னைக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனாலும் 2024 அக்டோபர் 6, ஞாயிற்றுக்கிழமை மெரினாவில் நடந்ததை அவ்வளவு சீக்கிரம் மறந்துவிட முடியாது. விமானப்படையின் வான் சாகச நிகழ்ச்சி. நேரம், காலை 11 மணி முதல் பகல் 1 மணி வரை. குழந்தை குட்டிகளோடு லட்சக்கணக்கானவர்கள் நிழலே இல்லாத மணலில் மணிக்கணக்கில் நின்றார்கள். குடை, தண்ணீர் பாட்டில், தொப்பி எல்லாம் கொண்டு வரச் சொல்லி முன்கூட்டியே அறிவுறுத்தியிருந்தார்கள். அப்படியும் பலர் மயங்கி விழுந்தார்கள். ஐந்து பேர் உயிரிழந்தார்கள்.

கவனிக்க வேண்டியது, அது அக்னி நட்சத்திரம் இல்லை. ஐப்பசி பிறப்பதற்குப் பத்துப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. சென்னையின் உச்சபட்ச வெப்பநிலையான 45 டிகிரி பதிவானது 2003 மே 31-ல். அந்த அளவுக்கெல்லாம் போக வேண்டியதே இல்லை. தலைக்கு நேரே வெயில், காற்றில் ஈரப்பதம், ஒதுங்க இடமில்லாத மணல்... இந்த மூன்றும் சேர்ந்தாலே போதும். அந்த அக்டோபர் மாதத்திலேயே தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது.

நம் வீடுகளில் பிக்னிக், கேம்பிங் என்று கிளம்புவதோ பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில்தான். பிள்ளைகளுக்கு அப்போதுதான் லீவு! பெசன்ட் நகர் எலியட்ஸ் பீச், ஈ.சி.ஆர் சவுக்குத் தோப்பு, மாமல்லபுரம், இன்னும் கொஞ்சம் தெம்பிருந்தால் ஏலகிரி, ஏற்காடு. புளியோதரையும் தயிர்சாதமும் கட்டுகிற அக்கறையில் பாதியைக்கூட நிழலுக்குக் காட்டுவதில்லை. ‘அங்கே ஏதாவது மரம் இருக்கும்’ என்று போய்விடுகிறோம். இருக்கும்தான். அதன் கீழே ஏற்கெனவே நாலு குடும்பம் ஜமுக்காளம் விரித்திருக்கும்.

மடித்து எடுத்துப் போகும் கூடாரங்கள் இப்போது ஆன்லைனிலும் விளையாட்டுப் பொருள் கடைகளிலும் தாராளமாகக் கிடைக்கின்றன. படத்தில் எல்லாமே அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால், நம் ஊர் வெயிலுக்கும் நம் ஊர்க் காற்றுக்கும் எது தாங்கும் என்பது வேறு விஷயம்.

நிழல் ஓரிடத்தில் நிற்காது

கூடாரம் வாங்குகிற பலர் கவனிக்காத சங்கதி இது. கூரை இங்கே இருந்தால் நிழலும் இங்கேதான் விழும் என்று நினைத்துக்கொள்கிறோம். வருஷத்தில் இரண்டே நாள்தான், அதுவும் நண்பகலில் மட்டும்தான் சென்னையில் அப்படி நடக்கும். ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 வாக்கில் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே வரும் ‘நிழலில்லா நாள்’ அது. மற்ற நேரங்களில் நிழல் நகர்ந்துகொண்டே இருக்கும்.

எவ்வளவு நகரும்? பத்தடிக்குப் பத்தடி கூரை, ஏழடி உயரத்தில் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மே மாதம் மதியம் 12 மணிக்கு நிழல் கிட்டத்தட்டக் கூரைக்கு அடியிலேயே இருக்கும். 3 மணிக்கு அது கிழக்கே ஆறடிக்கு மேல் நகர்ந்துவிடும். 4 மணிக்குப் பத்தடியைத் தாண்டிவிடும். அதாவது, கூடாரத்துக்கு அடியில் ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்திருப்பவர்கள் முழு வெயிலில் இருப்பார்கள். நிழல் மட்டும் பக்கத்தில் தனியாக விழுந்து கிடக்கும்! 

காணும் பொங்கலன்று கதை வேறு. ஜனவரியில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால், நடுப்பகலிலேயே அதே கூரையின் நிழல் வடக்கே நாலரை அடிக்கு மேல் தள்ளி விழும். 

ஆகவே, மேலே கூரை மட்டும் உள்ள கூடாரம் பாதி வேலைதான் செய்யும். மாலை வெயிலுக்கு மேற்குப் பக்கமாக ஒரு தடுப்பு வேண்டும். வாங்கும்போதே ‘சைடு வால்’ ஒன்றாவது சேர்த்து வருகிறதா, தனியாகக் கிடைக்குமா என்று கேட்டு வாங்குங்கள். போய் இறங்கியதும் செல்போன் காம்பஸில் மேற்கு எது என்று பார்த்துக்கொண்டால் போதும். பீச் என்றால் அதுவும் தேவையில்லை. கடல் கிழக்கு, ரோடு மேற்கு.

காற்று வேறு கணக்குப் போடும்

இங்கேதான் சிக்கல். சென்னையில் கோடை நாள்களில் மதியத்தை ஒட்டிக் கடற்காற்று உள்ளே வரத் தொடங்கும். கிழக்கிலிருந்தோ தென்கிழக்கிலிருந்தோ வீசும். அது வந்தால்தான் நகரமே மூச்சு விடும். வெயிலை மறைக்க நாம் மேற்கில் திரை கட்டியிருக்கிறோம். கிழக்கே திறந்திருக்கிறது. கிழக்கிலிருந்து வருகிற காற்று நேராக உள்ளே நுழைந்து அந்தத் திரையில்தான் மோதும். கூடாரம் பாய்மரக் கப்பலாகிவிடும்.

மணிக்கு 30 கிலோமீட்டர் வேகக் காற்று, பத்தடி நீளம் ஆறரை அடி உயரமுள்ள ஒரு துணிச் சுவரை ஏறக்குறைய 25, 30 கிலோ எடை அழுத்துவதுபோலத் தள்ளும். வேகம் இரட்டிப்பானால் அந்த விசை நான்கு மடங்காகும். உடன் வருகிற பிளாஸ்டிக் ஆணிகள் நான்கும் மணலில் இதைத் தாங்கவே தாங்காது. ஒரு பக்கம் மட்டும் திறந்த ‘பீச் டென்ட்’ எனப்படும் அரைக்கோளக் கூடாரங்களை, வேடிக்கை பார்ப்பதற்காகக் கடலைப் பார்த்தபடி திறந்துவைப்பதுதான் வழக்கம். மாலையில் அது உருண்டோடினால், துரத்திப் பிடிப்பது குழந்தைகளுக்கு விளையாட்டு. அதன் இரும்புக் கம்பி பக்கத்தில் இருப்பவர் முகத்தில் பட்டால் விளையாட்டு இல்லை.

இதற்கு மலிவான தீர்வு ஒன்று நம் ஊரிலேயே இருக்கிறது. 2024 மே மாதம் சென்னை மாநகராட்சி சில டிராஃபிக் சிக்னல்களில் பச்சைப் பந்தல் போட்டதே, ஞாபகம் இருக்கிறதா? அந்த நிழல்வலைதான். மாடித் தோட்டக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். 50 சதவிகிதம், 75 சதவிகிதம், 90 சதவிகிதம் என வெயிலை மறைக்கும் அளவைச் சொல்லி விற்பார்கள். தேவையான நீளத்துக்கு வெட்டி வாங்கிக்கொள்ளலாம். மேற்குப் பக்கம் முழுத் துணிக்குப் பதிலாக 75 அல்லது 90 சதவிகித வலையைக் கட்டினால் வெயில் பெருமளவு மறையும். காற்றின் ஒரு பகுதி வலையின் கண்கள் வழியே போய்விடும். ஓரங்களில் மட்டும் ஒரு பட்டைத் துணி வைத்துத் தைத்து, கயிறு நுழைக்க வளையம் போடச் சொல்லுங்கள். தார்ப்பாய் விற்கும் கடைகளிலேயே வளையம் அடித்துத் தருவார்கள். பிக்னிக் இல்லாத நாள்களில் மொட்டை மாடிக் கீரைப் பாத்திக்கு மேல் கட்டிவிடலாம். காசு வீண் போகாது.

மணலில் கூடாரத்தை நிறுத்த ஆணியை நம்பாதீர்கள். பத்து கிலோ அரிசிப் பை வீட்டில் இருக்கும். அதில் காய்ந்த மணலை நிரப்பினால் எடை ஏறக்குறைய இரு மடங்கு வரும். அரிசியைவிட மணல் அவ்வளவு கனம். கால் ஒன்றுக்கு ஒரு பை என நான்கு பைகளைக் கட்டலாம். காற்று பலமாக இருந்தால், பையைக் கயிற்றோடு ஒன்றரை அடி ஆழத்தில் படுக்கைவசமாகப் புதைத்து மணலை மிதித்து மூடிவிடுங்கள். ஆணியைப் பிடுங்குவதுபோல இதை அவ்வளவு எளிதில் பிடுங்க முடியாது. தரையில் விரிப்பதானால் இருக்கவே இருக்கிறது நம் 20 லிட்டர் தண்ணீர் கேன். நிரப்பினால் 20 கிலோ. கிளம்பும்போது மணலை அங்கேயே கொட்டி, குழியை மூடிவிட்டுப் பையை எடுத்து வந்துவிட வேண்டும்.

என்னென்ன கிடைக்கிறது?

பெரிய பீச் குடை. எல்லாவற்றிலும் எளிமையானது. ஒரு தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸில்கூடப் போகலாம். இரண்டு பேருக்குப் போதும். மூன்றாவது ஆள் வந்தால் யாருடைய காலோ வெயிலில் இருக்கும். கம்பியை ஒன்றரை அடியாவது மணலில் இறக்கி, காற்று வரும் திசையை நோக்கிக் குடையைச் சாய்த்து வைக்க வேண்டும். காற்றில் பிடுங்கிக்கொண்டு பறக்கும் குடையின் கூர்முனை ஈட்டிக்குச் சமம்.

அடுத்தது, பையிலிருந்து எடுத்து வீசினால் தானே விரிந்துகொள்ளும் ‘பாப் அப்’ கூடாரம். சுருள் கம்பியை வட்டமாக மடித்து வைத்திருப்பார்கள். விளம்பரத்தில் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். விரிக்க இரண்டு விநாடி, உண்மைதான். மடிக்கத்தான் குடும்பமே கூட வேண்டும்! அதற்கென்று ஒரு திருகு இருக்கிறது. வீட்டில் நான்கு முறை பழகிக்கொண்டால் வந்துவிடும். பழகாமல் போனால் இருட்டிய பீச்சில் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். இன்னொன்று, இவற்றில் பெரும்பாலானவை நான்கடி உயரம்கூட வராது. கைக்குழந்தையும் அம்மாவும் உட்கார வசதி. மூட்டு வலியுள்ள பாட்டியைக் குனிந்து, தவழ்ந்து உள்ளே போகச் சொல்ல முடியுமா? நாற்காலி போட்டு உட்காருகிற பெரியவர்கள் இருக்கும் வீட்டுக்கு இது ஒத்துவராது.

நான்கு கால், மேலே கூரை, நடுவில் மடங்கும் கத்தரிச் சட்டம். இதைத்தான் ‘கெஸிபோ’, ‘கேனபி’ என்று விற்கிறார்கள். தெருவோரம் சிம் கார்டு விற்பவர்கள் போட்டிருப்பார்களே, அதே வகை. தாத்தா பாட்டியோடு கிளம்பும் குடும்பத்துக்குச் சந்தேகமில்லாமல் இதுதான் சௌகரியம். பத்தடிக்குப் பத்தடியில் நாற்காலியோடு ஆறு பேர் தாராளமாக உட்காரலாம். ஆனால், இரும்புச் சட்டமென்றால் 15 முதல் 25 கிலோ வரை எடை இருக்கும். அலுமினியம் இலகுவானது, துருப்பிடிக்காது. விலைதான் கூடுதல். விரிக்க இரண்டு பேர், பலமான காற்றில் நான்கு பேர் வேண்டும். 

கடைக்காரரிடம் தவறாமல் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: மடித்தால் நீளம் எவ்வளவு? பத்தடிக் கூடாரம் மடித்த பிறகும் பல மாடல்களில் ஐந்தடி நீளம் இருக்கும். சின்னக் காரின் டிக்கியில் குறுக்கே வைத்தால் கதவு மூடாது. பின்சீட்டை மடக்க வேண்டும். பின்சீட்டை மடக்கினால் பிள்ளைகள் எங்கே உட்காருவார்கள்? டேப் எடுத்து டிக்கியை அளந்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.

கடைசியாக, தார்ப்பாயும் கயிறும். இதற்குப் பேஷன் மதிப்பு குறைவு. உபயோகம் அதிகம். பன்னிரண்டடிக்குப் பன்னிரண்டடி தார்ப்பாய் ஒன்று, இருபதடிக் கயிறு நாலைந்து, தேவைப்பட்டால் இரண்டு கழி. ஏலகிரி, கொல்லிமலை, ஈ.சி.ஆர் தோப்பு என மரம் இருக்கும் இடமென்றால் இதை மிஞ்ச எதுவும் இல்லை. இரண்டு மரங்களுக்கு இடையில் கயிற்றை இழுத்துக் கட்டி, அதன் மேல் தார்ப்பாயைப் போட்டு நான்கு மூலைகளையும் சாய்வாக இழுத்துக் கட்டினால் வீடு தயார். சூரியன் நகர்ந்தால் ஒரு மூலையை அவிழ்த்துத் தாழ்த்திக் கட்டிக்கொள்ளலாம். கம்பிக் கூடாரத்தில் இந்த வசதி கிடையாது. பஸ்ஸிலோ ரயிலிலோ போகிற குடும்பம் கண்ணை மூடிக்கொண்டு இதைத் தேர்ந்தெடுக்கலாம். முடிச்சுப் போடத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். வீட்டில் சாரணர் படையில் இருந்த பிள்ளை இருந்தால் அதுவும் பிரச்னையில்லை.

கயிறு கட்டும் மரத்தை ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். காய்ந்த கிளை இருக்கிறதா? தென்னை என்றால் அடியில் உட்காரவே வேண்டாம். தேங்காயோ மட்டையோ சொல்லிவிட்டு விழுவதில்லை.

துணியைத் தூக்கிப் பிடித்துப் பாருங்கள்

நல்ல கூடாரங்களில் ‘யு.பி.எஃப் 50’ என்று அச்சிட்டிருப்பார்கள். புற ஊதாக் கதிரில் ஐம்பதில் ஒரு பங்கை, அதாவது 2 சதவிகிதத்தை மட்டும்தான் அந்தத் துணி உள்ளே விடும் என்று பொருள். ‘வாட்டர் ப்ரூஃப்’ என்பது வேறு, இது வேறு. மழை ஒழுகாத துணியெல்லாம் வெயிலைத் தடுக்கும் என்று சொல்ல முடியாது.

அச்சு எதுவும் இல்லாத துணியா? செல்போன் டார்ச்சைத் துணிக்குப் பின்னால் வைத்துப் பாருங்கள். புள்ளி புள்ளியாக வெளிச்சம் தெரிந்தால் அந்த ஓட்டைகள் வழியே கதிரும் வரும். துல்லியமான சோதனை இல்லை, ஆனால் மோசமானதைக் கழித்துவிட உதவும். மெல்லிய வெள்ளை வேட்டியையோ பழைய காட்டன் புடவையையோ கட்டிவிட்டு நிழல் கிடைத்தது என்று நிம்மதியாக இருக்க முடியாததும் இதனால்தான். கண்ணுக்கு இதமாக இருக்கும். தோலுக்குப் பெரிய பாதுகாப்பு கிடையாது. நனைந்தால் இன்னும் மோசம்.

வெள்ளிப் பூச்சு உள்ள துணியில் அந்தப் பக்கம் வெளியே, சூரியனைப் பார்த்து இருப்பது நல்லது. நீலத் தார்ப்பாயில் ஒரு சின்ன அசௌகரியம். அதன் கீழே எல்லாருமே நீலமாகத் தெரிவார்கள். தயிர்சாதம் உட்பட!

கூரை நன்றாக இருந்தாலும் கதிர் பக்கவாட்டிலிருந்து வரும். காய்ந்த கடற்கரை மணல் புற ஊதாக் கதிரில் சுமார் 15 சதவிகிதத்தையும், கடல் நுரை சுமார் 25 சதவிகிதத்தையும் திருப்பி அனுப்புவதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வானத்திலிருந்து சிதறி வருவது தனி. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஓர் ஏரிக்கரையில் 81 பேரை மூன்றரை மணி நேரம் உட்காரவைத்து நடத்திய ஆய்வின் முடிவு 2017-ல் வெளியானது. பீச் குடையை மட்டும் நம்பியவர்களில் 78 சதவிகிதம் பேருக்குத் தோல் கன்றிப்போனது. குடை இல்லாமல் சன்ஸ்கிரீன் மட்டும் பூசியவர்களில் அது 25 சதவிகிதம். ஆய்வுக்குப் பின்னால் இருந்தது சன்ஸ்கிரீன் தயாரிக்கும் நிறுவனம் என்பதையும் சேர்த்துத்தான் இதைப் படிக்க வேண்டும். நம் தோலின் நிறமும் வேறு. ஆனாலும், குடைக்கு அடியில் இருந்தால் தொப்பியும் முழுக்கைச் சட்டையும் தேவையில்லை என்று நினைப்பது தவறு என்பதற்கு அது போதும்.

கீற்றுப் பந்தலில் ஏன் அவ்வளவு குளிர்ச்சி?

பங்குனியில் மயிலாப்பூர் அறுபத்து மூவர் விழாவுக்குப் போனவர்களுக்கு மாட வீதிகளின் நீர்மோர்ப் பந்தல் ஞாபகம் இருக்கும். கீற்று வேய்ந்த பந்தலுக்குள் நுழைந்ததுமே உடம்பு தணியும். பிளாஸ்டிக் ஷீட் போட்ட பந்தலுக்குள் அந்தச் சுகம் கிடைக்காது. இரண்டிலும் நிழல் ஒன்றுதானே?

இல்லை. வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக் ஷீட் தானே சூடேறி, அந்தச் சூட்டைக் கீழே இருப்பவர் தலையில் இறக்கும். மேலெழும் வெப்பக் காற்றுக்கும் அங்கே வெளியேற வழி கிடையாது. பின்னிய தென்னங்கீற்று அடுக்கடுக்காக இருப்பது. மேல் அடுக்கு சூடானாலும் கீழ் அடுக்குக்கு அது எளிதில் இறங்காது. இடுக்குகள் வழியே காற்றும் போய்வரும். கீற்றின் பெரிய குறை நெருப்பு. 2004 ஜூலையில் 94 குழந்தைகளைப் பலிகொண்ட கும்பகோணம் பள்ளித் தீ விபத்துக்குப் பிறகு அதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

கீற்றைக் காரில் கட்டிக்கொண்டு போக முடியாது. அதன் உத்தியைக் கொண்டு போகலாம். தார்ப்பாய்க்கு மேலே ஓரடி இடைவெளி விட்டு நிழல்வலையைத் தனியாகக் கட்டிப் பாருங்கள். வெயிலை வலை வாங்கிக்கொள்ளும். இடைவெளியில் ஓடும் காற்று அந்தச் சூட்டைக் கொண்டுபோய்விடும். அடியில் இருக்கும் தார்ப்பாய் அவ்வளவு சூடாகாது. ரெடிமேட் கூடாரம் வாங்குபவர்கள், உச்சியில் தொப்பி மாதிரி தனியாக ஒரு சின்னக் கூரை உள்ள மாடலைத் தேடுங்கள். சூடான காற்று வெளியேற அது வழி. பலத்த காற்றடித்தாலும் அழுத்தம் குறையும்.

மழை பெய்தால்? தட்டையான கூரையில் தண்ணீர் தேங்க விடாதீர்கள். பத்தடிக் கூரையில் ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அது சுமார் 90 லிட்டர், 90 கிலோ. சட்டம் வளைந்து உட்கார்ந்துவிடும். ஒரு பக்கத்துக் கால்களைக் கொஞ்சம் தாழ்த்தி வைத்தால் வழிந்தோடும். இடி இடித்தால் இரும்புக் கால் கூடாரத்துக்குள் இருக்கவே கூடாது. காருக்குள்ளோ கட்டடத்துக்குள்ளோ போய்விட வேண்டும். மே மாத மாலைகளில் இது அடிக்கடி நடக்கக் கூடியதுதான்.

குழந்தையை உள்ளே தூங்கவைக்கும் முன்

நிழல் என்பது ஏ.சி இல்லை. வானிலை அறிக்கையில் சொல்லும் 38 டிகிரி என்பதே நிழலில் அளந்த வெப்பம்தான். கூடாரம் நேரடி வெயிலைத் தடுக்கும். சுற்றியிருக்கும் காற்றின் சூட்டைக் குறைக்காது. வியர்வை காய்ந்தால்தான் உடம்பு தணியும். அதற்குக் காற்றோட்டம் வேண்டும். சென்னை மாதிரி ஈரக் காற்றுள்ள ஊரில் இது இன்னும் முக்கியம்.

மிகப் பெரிய ஆபத்து, ஜிப் போட்டு மூடும் கூடாரம். மணல் வருகிறது, காக்கா வருகிறது என்று குழந்தையை உள்ளே தூங்கவைத்து ஜிப்பை இழுத்துவிட்டு அலையில் கால் நனைக்கப் போய்விடக் கூடாது. வெயிலில் மூடிய கூடாரம், வெயிலில் மூடிய கார் மாதிரி. சில நிமிடங்களிலேயே உள்ளே கொதிக்கத் தொடங்கிவிடும். தள்ளுவண்டியின் மேல் துணி போர்த்துவதும் இதே தவறுதான். எதிரெதிரே இரண்டு பக்கம் வலை ஜன்னல் உள்ள கூடாரத்தை மட்டும் வாங்குங்கள். உள்ளே ஒரு பெரியவர் கட்டாயம் இருக்க வேண்டும்.

பெரியவர்களில் பிரஷர் மாத்திரை, நீர் பிரிய மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு வெயில் சீக்கிரம் தாக்கும். யாராவது குழப்பமாகப் பேசினால், தள்ளாடினால், உடம்பு அனலாய்க் கொதித்தால் ‘கொஞ்ச நேரம் படுக்கட்டும்’ என்று விடாதீர்கள். 108-ஐ அழைத்துவிட்டு, உடைகளைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். மயக்கத்தில் இருப்பவர் வாயில் எதையும் புகட்ட வேண்டாம். நினைவோடு இருப்பவருக்கு ஓ.ஆர்.எஸ் கரைசல், உப்புப் போட்ட நீர்மோர் கொடுக்கலாம்.

கூடாரத்தின் அடியில் ஸ்டவ் பற்றவைக்காதீர்கள். பாலியெஸ்டர் துணி எரிவதோடு உருகிச் சொட்டவும் செய்யும்.

எங்கே விரிக்கலாம், எங்கே கூடாது?

மாநகராட்சிப் பூங்காக்களிலும், வண்டலூர், கிண்டி போன்ற வனத்துறை வளாகங்களிலும் காவலரிடம் கேட்காமல் கூடாரம் விரிக்க வேண்டாம். மாமல்லபுரத்தில் தொல்லியல் துறை பராமரிக்கும் வளாகத்துக்குள் ஆணி அடிப்பதை நினைத்துக்கூடப் பார்க்கக் கூடாது. அடையாறு தியசாஃபிகல் சொசைட்டியின் ஆலமரம் நிழலுக்குப் பேர்போனதுதான். அதன் தாய்மரம் 1989-ல் புயல் காற்றில் சாய்ந்த பிறகும் விழுதுகளே தோப்பாக நிற்கின்றன. பார்த்துவிட்டு வரலாம். விழுதில் கயிறு கட்ட அது இடமில்லை.

காணும் பொங்கலன்று மெரினா, எலியட்ஸ் பீச் இரண்டிலும் பெரிய கூடாரத்தைத் தவிர்ப்பது நல்லது. அந்தக் கூட்டத்தில் நான்கு பக்கமும் இழுத்துக் கட்டிய கயிறு, ஓடிவருகிற குழந்தையைத் தடுக்கிவிடும். அன்றைக்குக் குடையே போதும்.

மலைப் பக்கம் போகிறவர்களுக்கு: காட்டுக்குள் நினைத்த இடத்தில் கூடாரம் போட முடியாது. 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத் தீ பலரைப் பலிகொண்டதற்குப் பிறகு மலையேற்றத்துக்கான விதிகள் இறுகிவிட்டன. வனத்துறை அனுமதி கட்டாயம். குடும்பத்தோடு என்றால் அனுமதி பெற்ற கேம்ப் மைதானமோ, தங்கும் விடுதியின் தோட்டமோதான் சரி.

பெசன்ட் நகர் முதல் நீலாங்கரை வரையிலான கடற்கரைக்கு இன்னொரு வாடிக்கையாளரும் உண்டு. ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை இரவுகளில் பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரைக்கு வரும். 1988-லிருந்து மாணவர்கள் இரவெல்லாம் நடந்து அந்த முட்டைகளைப் பாதுகாக்கிறார்கள். இருட்டிய பிறகு பளிச்சென்ற விளக்கைக் கட்டிக்கொண்டு அங்கே உட்கார்ந்திருந்தால், ஆமைக் குஞ்சுகள் கடல் எது என்று தெரியாமல் விளக்கைப் பார்த்து நடக்கும். பொழுது சாய்ந்ததும் மடித்துக்கொண்டு கிளம்பிவிடுவது நல்லது.

மொட்டை மாடியில் ஒரு ரிகர்சல்

புதுக் கூடாரத்தை முதன்முதலாக பீச்சில் பிரிக்காதீர்கள். முந்தின ஞாயிறு மாலை மொட்டை மாடிக்குக் கொண்டுபோய் விரித்து, மடித்து, பையில் போட்டுப் பாருங்கள். வாங்கியபோது போயிருந்த பையில் அது மறுபடி போகாது என்பது அப்போது தெரியும். ஒரு பெரிய காய்கறிப் பையைத் தயாராக வைத்துக்கொள்ளலாம். எத்தனை ஆணி, எத்தனை கயிறு என்று எண்ணி, பையின் உள்பக்கத்தில் மார்க்கரால் எழுதிவிடுங்கள். திருப்பித் தரும் அவகாசம் முடிவதற்குள் இதைச் செய்துவிட்டால், கிழிசல், வளைந்த கம்பி எதுவாக இருந்தாலும் மாற்றிக்கொள்ளலாம்.

கடற்கரையிலிருந்து வந்த அன்றே நல்ல தண்ணீரில் அலசிவிட வேண்டும். உப்புக் காற்று கத்தரிச் சட்டத்தின் மூட்டுகளில் முதலில் துருவைக் கொண்டுவரும். ஜிப்பில் மணல் சிக்கினால் இழுக்காமல் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தட்டுங்கள். நிழலில் உலர்த்துங்கள், வெயிலைத் தடுக்கும் துணியாக இருந்தாலும் நாள்கணக்கில் வெயிலில் கிடந்தால் இழை நைந்துபோகும். பால்கனியில் நிரந்தரமாகக் கட்டிவைத்த கூடாரத் துணி இரண்டு கோடைகளுக்குள் கையால் கிழிகிற மாதிரி ஆகிவிட்டால் ஆச்சரியமில்லை. ஈரத்தோடு மடித்துப் பரணில் போட்டாலும் ஆபத்துதான். மழைக்காலம் முடிந்து பொங்கலுக்கு எடுக்கும்போது பூஞ்சைக் கறுப்பும் வாடையும் வரும். ஒவ்வொரு முறையும் அதே மடிப்பில் மடிக்காமல் கொஞ்சம் மாற்றி மடித்தால், மடிப்பு ஓரத்தில் பூச்சு உதிர்வது தள்ளிப்போகும். பையில் நாலு ரசகற்பூர உருண்டை போட்டுவையுங்கள். பரணில் எலி இருக்கும் வீடென்றால் அதுவும் போதாது, மூடியுள்ள பிளாஸ்டிக் டிரம்தான்.